வீட்டுத் தோட்டத்துப் பழ மரங்கள்: நடுவது முதல் ருசிப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழ மரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தோப்பு போடுகிறவர்களுக்கு இது அதிகம் உதவாது. வீட்டுக்குப் பின்னால் நாலு மரத்துக்கு இடமோ, மாடியில் சில தொட்டிகளோ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. விளைச்சலைவிட ருசியைப் பற்றித்தான் பேச்சு அதிகம் இருக்கும். கடைக்கு வருகிற பழம் பயணத்தைத் தாங்க வேண்டும், அதனால் முன்கூட்டியே பறித்துவிடுகிறார்கள். வீட்டு மரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த ஒரு வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் இத்தனை மெனக்கெட்டு வளர்ப்பதே வீண் என்பது என் கட்சி.

முதலில் எந்த மரத்தை வைக்கலாம்?

நீங்கள் சாப்பிட்டுப் பார்த்து, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்ட பழத்தை. கிண்டல் இல்லை, நிஜமாகவே அதுதான் பதில். படத்தைப் பார்த்து மயங்கி வாங்கிய மரங்களின் பழங்கள்தான் பல தோட்டங்களில் யாரும் சீண்டாமல் உதிர்ந்து கிடக்கின்றன. வெள்ளைச் சதை டிராகன் பழம் பார்க்க அழகு, ருசி சுமார். சிவப்புச் சதை கொஞ்சம் தேவலை. மஞ்சள் தோலும் வெள்ளைச் சதையுமாக வருகிற வகைதான் மூன்றிலும் இனிப்பு அதிகம், ஆனால் பழம் சின்னது, தோலில் முள் வேறு இருக்கும். தண்ணீராக இருக்கிற ஜம்பு வகைகளும் அப்படித்தான், வெயில் நேரத்தில் கடிக்க நன்றாக இருக்கும், ஒரு மரம் முழுக்கக் காய்த்தால் என்ன செய்வது என்று முழிப்பீர்கள்.

அடுத்தது காத்திருக்கும் பொறுமை. பப்பாளியும் வாழையும் ஓராண்டை ஒட்டிப் பலன் தந்துவிடும். ஒட்டுக் கொய்யா இரண்டாம் ஆண்டு, ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டு. விதையில் வந்த மங்குஸ்தான் என்றால் எட்டு, பத்து ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல். சீக்கிரம் காய்ப்பது ஒன்றும் மெதுவாக வருவது ஒன்றும் சேர்த்து நட்டால் நடுவில் ஆர்வம் வற்றாது.

விதை போட்டு வளர்க்கலாமா, ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டுமா?

பழத்தைப் பொறுத்தது. மா விஷயத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஒரு கொட்டைக்கு ஒரே முளைதான் வரும், அது தாயும் தந்தையும் கலந்த புதுப் பிள்ளை, தாய் மரத்தின் ருசி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்திய ரகங்களில் பெரும்பாலானவை இப்படி. இன்னொரு வகையில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு அசல் நகல். தென்கிழக்கு ஆசிய ரகங்கள் பலவும் இந்தக் கூட்டம். ஆகவே கொட்டையை ஊன்றி எத்தனை முளை வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மங்குஸ்தான் இன்னும் சுலபம். அதில் கருவுறாமலேயே விதை உண்டாகிறது, எனவே கன்று தாயைப் போலவே இருக்கும். ஆனால் விதை காய்ந்தால் செத்துவிடும், பழத்தைச் சாப்பிட்ட கையோடு ஊன்றிவிட வேண்டும். பலா, ரம்புட்டான், மா, வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) எல்லாவற்றின் விதைக்கும் இதே சுபாவம்தான், டப்பாவில் காயவைத்து அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது.

ரம்புட்டானை விதையில் வளர்க்காதீர்கள். வருகிற மரம் ஆணாக இருந்துவிட்டால் வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றி பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெண்ணெய்ப்பழமும் விதையில் எது வேண்டுமானாலும் வரலாம்.

சரி, விதையில் நல்லது வரவே வராதா என்றால், வரும். 1902-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் ஹேடன் என்பவர், மல்கோபா என்ற பெயரில் அங்கே வளர்ந்த இந்திய மாமரத்தின் கொட்டைகளை ஊன்றினார். அதில் ஒரு மரம் 1910-ல் காய்த்தது, அதுதான் ஹேடன் மா. இன்றைக்கு உலகமெங்கும் கப்பலேறுகிற டாமி அட்கின்ஸ் அதன் வாரிசு. இடம் நிறைய இருப்பவர்கள் ஒரு மூலையில் இந்த லாட்டரிச் சீட்டை வாங்கிப் பார்க்கலாம். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் ஒட்டுக்கன்றுதான்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஒட்டுக் கட்டிய இடத்தை. அது வழவழவென்று கூடியிருக்க வேண்டும், லேசாக அசைத்தால் ஆடக் கூடாது. பிளாஸ்டிக் நாடா இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தால் நடும்போது வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு பையின் அடி: வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் அந்தக் கன்று பையிலேயே கிழவனாகிவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். பெரிய கன்று சீக்கிரம் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம், சின்னப் பையில் நிற்கும் ஆளுயரக் கன்றைவிட முழங்கால் உயரத்துக் கொழுகொழு கன்று எவ்வளவோ மேல். அதில் பூவோ காயோ இருந்தால் விற்பவர் பெருமையாகக் காட்டுவார், நட்டதும் அதைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அப்புறம் மறக்கக் கூடாதது, ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற எதையும் விரலாலேயே உடைத்துவிட வேண்டும். அது ஒட்டுக்கு அடியாக நிற்கிற வேர்ச்செடியின் துளிர், மேலே இருப்பதைவிட வேகமாக வளரும், இரண்டு வருஷத்தில் அதுவே மரமாகிவிடும். “நான் வாங்கிய ரகம் வேறு, காய்ப்பது வேறு” என்கிற புகார்களில் நிறைய இந்தக் கதைதான், விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் குனிந்து தூரைப் பாருங்கள்.

ரகத்தின் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம்?

தாய் மரம் எது என்பதற்கு அது ஓர் அடையாளம், ருசிக்குச் சான்றிதழ் இல்லை. ஒரே பழம் ஊருக்கு ஊர் வேறு பெயரில் உலவும், ஒரே பெயரில் வேறு வேறு மரங்களும் இருக்கும். பெற்றோர் பெயரும் பெரிதாகக் கைகொடுக்காது. அம்ரபாலி, மல்லிகா இரண்டு மா ரகங்களுக்குமே பெற்றோர் தசேரியும் நீலமும்தான், எது தாய் எது தந்தை என்பது மட்டும் மாறியிருக்கிறது. அம்ரபாலி குட்டை மரம், சின்னப் பழம், அடர்ந்த ஆரஞ்சு நிறச் சதை, ஆண்டுதோறும் காய்க்கும். மல்லிகா பழம் பெரிது, மரமும் நன்றாகப் பரவும். கூடப்பிறந்தவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பேர் பெற்ற ரகம் எல்லா இடத்திலும் பேர் வாங்கும் என்பதும் இல்லை. அல்போன்சாவின் மணத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம், ஆனால் வெளியே பழுத்துப் பளபளவென்று இருக்கிற பழத்தை அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளுத்து, பஞ்சு போலப் பழுக்காமல் கிடப்பது அந்த ரகத்துக்கே உரிய தொல்லை.

மண்ணும் தண்ணீரும் எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் தேங்கக் கூடாது. இது ஒன்றைச் சரி செய்துவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம். குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வந்து பாருங்கள், அப்படியே நின்றால் அங்கே குழியில் நடாதீர்கள், மண்ணை மேடாகக் குவித்து மேட்டின்மேல் நடுங்கள். பப்பாளியும் வெண்ணெய்ப்பழமும் இதில் ரொம்பவே மோசம், வேர் சில நாள் தண்ணீரில் நின்றாலே அழுகி மரம் சாய்ந்துவிடும். கொய்யாவும் சப்போட்டாவும் எதையும் பொறுத்துக்கொள்ளும், சப்போட்டா உப்பு கலந்த தண்ணீரைக்கூடத் தாங்கும்.

மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள், சருகு எது கிடைத்தாலும் சரி, ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்புத் தன்மை அதிகமுள்ள மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அங்கே தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

தொட்டியில் காய்க்குமா?

காய்க்கும், எதை வைக்கிறோம் என்பதுதான் விஷயம். கொய்யா, சீத்தா, அம்ரபாலி மா, பார்படாஸ் செர்ரி, அன்னாசி, டிராகன் பழம் எல்லாம் தொட்டியில் நிம்மதியாக இருக்கும். பலாவையும் நாவலையும் தொட்டியில் வைத்துத் துன்புறுத்த வேண்டாம். தொட்டி அறுபது லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஆனால் கன்றை நேராகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளித்துப்போகும், படிப்படியாக மாற்றுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுற்றிய வேரைக் கழித்து, புது மண் போட வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான்.

பலாப் பிஞ்செல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து விழுகிறது, என்ன மருந்து அடிப்பது?

மருந்தே வேண்டாம். விழுவது பிஞ்சு இல்லை, ஆண் பூங்கொத்து. பலாவில் ஆண் கொத்தும் பெண் கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும், இரண்டும் பார்வைக்குக் குட்டிப் பலாக்காய் மாதிரிதான் இருக்கும். ஆண் கொத்தின் காம்பு மெல்லிசு, மேல்புறம் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், முதிர்ந்ததும் மஞ்சள் மகரந்தம் தூவினாற்போல் படியும். பெண் கொத்தின் காம்பு தடித்திருக்கும், காம்பு சேருமிடத்தில் பச்சையாக ஒரு வளையம் தெளிவாகத் தெரியும், மேல்புறம் சொரசொரப்பு. ஆண் கொத்து வேலை முடிந்ததும் கறுத்து, பூஞ்சணம் பூத்து, விழும். விழுந்தவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், அது போதும். இளம் மரத்தில் முதல் வருஷம் ஆண் கொத்து மட்டுமே வந்து எல்லாம் கொட்டிப்போவதும் சகஜம்.

பூ பூத்துக் கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை. ஏன்?

ஒவ்வொரு பழத்துக்கும் ஒவ்வொரு காரணம். சீத்தாவை எடுத்துக்கொள்வோம், அதில் விஷயம் நிறைய இருக்கிறது. சீத்தாப்பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகுதான் ஆணாகும். பெண் நிலையில் தடித்த மூன்று இதழ்களும் லேசாகத்தான் பிரிந்திருக்கும், விலக்கிப் பார்த்தால் நடுவில் உள்ள சின்னக் கூம்பு ஈரமாகப் பளபளக்கும். பிறகு இதழ்கள் நன்றாக விரியும், கூம்பு காய்ந்துவிடும், அதைச் சுற்றியிருக்கும் மகரந்தத் தாள்கள் உதிரத் தொடங்கும். ஆக ஒரு பூவின் மகரந்தம் தயாராகும்போது அதே பூவின் கூம்பு அதை ஏற்கிற நிலையில் இருக்காது. சின்னஞ்சிறு வண்டுகள்தான் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகும், அவை இல்லாத இடத்தில் நாம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆண் நிலைப் பூவைச் சின்ன டப்பாவுக்குள் தட்டினால் தூள் விழும். மெல்லிய தூரிகையில் அதைத் தொட்டு, பெண் நிலைப் பூவின் இதழை விரலால் விலக்கி, கூம்பைச் சுற்றிலும் தடவுங்கள். சுற்றிலும் என்பது முக்கியம், ஏனென்றால் பழத்தின் மேலே தெரிகிற ஒவ்வொரு கண்ணும் தனியாகக் கருவுற வேண்டும், ஒரு பக்கம் விட்டுப்போனால் பழம் அந்தப் பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். கோணல் பழத்தைப் பார்த்து நோய் என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

டிராகன் பழத்தின் பூ இருட்டிய பிறகு விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடும். சில ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது, பக்கத்தில் வேறு ரகம் இருந்தாக வேண்டும், டார்ச் விளக்கோடு தூரிகையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மஞ்சள் பேஷன் பழத்துக்கும் வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். அதே கொடியிலிருந்து குச்சி வெட்டி நட்டது வேறு கொடி ஆகாது, இதையும் சொல்லிவிடுகிறேன்.

வெண்ணெய்ப்பழத்தில் பூ இருமுறை திறக்கும், முதலில் பெண், மறுநாள் ஆண். ஏ வகை மரங்களில் பெண் காலையில், ஆண் மறுநாள் பிற்பகலில். பி வகையில் பெண் பிற்பகலில், ஆண் மறுநாள் காலையில். இரண்டு வகையும் அக்கம்பக்கத்தில் இருந்தால் காய்ப்பு கூடும். பக்கத்து வீட்டில் இருந்தாலும் சரிதான்.

மாவில் பூக்கும் நேரத்து மழையும் பனியும்தான் பாதிக் காரணம், மீதி நாம் அளவுக்கு மீறிக் கொட்டிய தழைச்சத்து.

பப்பாளிக் கன்று ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

பூ வரும்வரை பார்த்துச் சொல்ல முடியாது. நீண்ட காம்புகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி, அடி பருத்த மொட்டு வந்தால் பெண். தண்டை ஒட்டியே ஒல்லியான மொட்டு வந்தால் பெரும்பாலும் இருபால் பூ, அதுதான் நமக்கு வேண்டியது, அதன் பழம் நீளமாக இருக்கும், ஆண் மரத்தின் தயவு வேண்டாம். இருபால் மரத்திலேயே தனக்குள் கருவுற்ற பழத்தின் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் வரும், ஆண் வராது. எனவே ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

பழத்துக்குள் புழு வருகிறது.

பழ ஈ. கொய்யாவுக்கும் மாவுக்கும் இதுதான் முதல் எதிரி. காயின் தோலில் ஊசி குத்தினாற்போல் துளையிட்டு முட்டை வைக்கும். மருந்து அடித்துப் பிரயோஜனம் குறைவு, புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையோ காகிதப்பையோ மாட்டிக் கட்டிவிடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வழி. மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறிகள் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும், கூட்டம் குறையுமே தவிர முட்டையிடுகிற பெண் ஈ அதில் விழாது. பொறியில் செத்துக் கிடக்கிற ஈக்களைப் பார்த்துப் பழம் தப்பித்தது என்று நினைத்துவிட வேண்டாம். உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

எப்போது பறிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழங்களில் இரண்டு சாதி. பறித்த பிறகும் பழுக்கிறவை ஒன்று: மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா வகைகள், வெண்ணெய்ப்பழம். பறித்த நிமிஷத்தோடு இனிப்பு நின்றுவிடுகிறவை இன்னொன்று: அன்னாசி, ரம்புட்டான், லிச்சி, டிராகன் பழம், நட்சத்திரப் பழம். பின்னதை அவசரப்பட்டுப் பறித்தால் நிறம் மாறலாம், மென்மையாகலாம், இனிக்காது. அன்னாசியை வாங்கி வந்து பழுக்கட்டும் என்று வைப்பதெல்லாம் வீண் வேலை.

முதல் சாதியிலும் முற்றாமல் பறித்தால் பழுப்பது போல் பாவனைதான் செய்யும். மாவில் நிறத்தை நம்பாதீர்கள், பல ரகங்கள் பச்சையாகவே பழுக்கும், சில பிஞ்சிலேயே சிவந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள தோள் உயர்ந்து காம்பு குழிக்குள் போனாற்போல் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமிருந்தால் ஒன்றைப் பறித்துத் தண்ணீரில் போடுங்கள், முற்றியது மூழ்கும். காம்போடு பறித்து, பிறகு காம்பை உடைத்துத் தலைகீழாக வைத்துப் பாலை வடிய விடுங்கள். அந்தப் பால் தோலில் பட்டால் பழம் கறுக்கும், நம் கையில் பட்டாலும் சிலருக்குக் கொப்புளம் வரும்.

சப்போட்டாதான் ஏமாற்றுக்காரன். காய்க்கும் பழத்துக்கும் வெளியே வித்தியாசமே தெரியாது. கட்டை விரலால் மேலே உள்ள பழுப்புத் தூளைத் தேய்த்துவிட்டு நகத்தால் லேசாகக் கீறுங்கள். பச்சையாகத் தெரிந்து பால் கசிந்தால் விட்டுவிட வேண்டும், மஞ்சளாகத் தெரிந்து பால் இல்லையென்றால் பறிக்கலாம், சில நாளில் குழைந்துவிடும். கீறிய காயை மறுபடி கீறாமல் இருக்க எது எது பார்த்தாயிற்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரம் முழுக்க நகக்குறிதான்.

சீத்தாவில் கண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் வெளுத்து விரியும். பலாவில் முள் பருத்து இடைவெளி விடும், தட்டினால் ஓசை கனத்துக் கேட்கும், மணம் கிளம்பும். பேஷன் பழம் தானாகக் கீழே விழும், பொறுக்கி இரண்டு நாள் வைத்துத் தோல் சுருங்கியதும் வெட்டுங்கள். வெண்ணெய்ப்பழம் மரத்தில் பழுக்கவே பழுக்காது, ஒன்றைப் பறித்து வீட்டில் வைத்துப் பாருங்கள், தோல் சுருங்காமல் ஒரே சீராக மென்மையானால் மற்றவையும் தயார்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பழுத்த பிறகு வைக்கலாம், பழுக்கும் முன் கூடாது. மாவுக்கு 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் புள்ளி விழுந்து, மணம் வராமல் போய்விடும். வாழையும் சீத்தாவும் அப்படியே. ஜில்லென்று சாப்பிடத்தான் பிடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் குளிரில் வாசனை அமுங்கிப்போகும், ஒரு ரகத்தின் தரத்தை அந்த நிலையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ரகங்களை ஒப்பிட்டு ருசி பார்ப்பது எப்படி?

ஒரே நாளில், ஒரே அளவு பழுத்தவற்றை, அறை வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். நேற்று சாப்பிட்டதை இன்று சாப்பிட்டதோடு ஒப்பிட்டால் நாக்கு பொய் சொல்லும். துண்டுக்குத் துண்டு நடுவே வெறும் தண்ணீர் போதும். அன்னாசியில் அடிப்பகுதி இனிப்பு, மேல்பகுதி புளிப்பு, எனவே வட்டமாக நறுக்காமல் நெடுக்காக வகிர்ந்து எல்லோருக்கும் மேலும் கீழும் கிடைக்கும்படி கொடுங்கள்.

மென்மையான ருசியிலிருந்து வலுவான ருசிக்குப் போக வேண்டும். ஜம்பு, டிராகன் பழம் முதலில், மா நடுவில், பலாவும் டுரியனும் கடைசியில். மாயப்பழம் என்று சொல்கிற ஆப்பிரிக்கச் சிவப்புப் பழம் கையில் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி. அதிலுள்ள மிராக்குலின் என்ற புரதம் நாக்கில் ஒட்டிக்கொண்டு புளிப்பையெல்லாம் இனிப்பாகக் காட்டும், அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு எலுமிச்சைகூடச் சர்பத்துதான், அதன் பிறகு ருசி பார்த்து என்ன பயன்?

ஒருவர் சத்தமாக “பிரமாதம்” என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அது பிரமாதமாகிவிடும். எனவே முதலில் அவரவர் தாளில் எழுதட்டும், பேச்சு பிறகு. இனிப்பை மட்டும் எழுதாதீர்கள். புளிப்பு எவ்வளவு, நார் பல்லில் மாட்டுகிறதா, மணம் வாயில் போடும் முன்பே வருகிறதா பின்னால் வருகிறதா, விழுங்கிய பிறகு துவர்ப்போ பிசின் வாடையோ நிற்கிறதா. பிரிக்ஸ் மானி என்று ஒரு சின்னக் கருவி உண்டு, சாற்றில் ஒரு சொட்டு விட்டால் கரைந்துள்ள சர்க்கரையின் அளவைக் காட்டும், நல்ல மா ரகங்கள் பலவும் பழுத்த நிலையில் 18-ஐத் தாண்டும். வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் 20 காட்டுகிற பழத்தில் புளிப்பே இல்லையென்றால் இரண்டாவது துண்டில் சலித்துவிடும், 17 காட்டுவது புளிப்போடு சேர்ந்து தட்டையே காலி பண்ண வைக்கும்.

சிறுவர்கள் கூட இருந்தால் மங்குஸ்தானைக் கவிழ்த்துக் காட்டுங்கள். அடியில் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ள பழத்தில் சுளைகள் சின்னதாகவும் கொட்டை இல்லாத சுளைகள் அதிகமாகவும் இருக்கும், அதனால் எனக்கு எப்போதும் அந்தப் பழம்தான்.

ஆசைப்பட்டு வளர்த்த மரத்தில் பழம் சப்பென்று இருக்கிறது.

முதல் காய்ப்பு என்றால் கண்டுகொள்ளாதீர்கள், இளம் மரத்தின் முதல் பழங்கள் பெரும்பாலும் அப்படித்தான், இரண்டு மூன்று பருவம் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அதற்கப்புறமும் அப்படியே என்றால் வரிசையாகப் பாருங்கள். பறிக்கும் சமயத்தில் பெரிய மழையா, அல்லது நீங்களே நிறையத் தண்ணீர் விட்டீர்களா? மரத்துக்கு நேர் வெயில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? ஒரு கொத்தில் காய்களை நெருக்கமாக விட்டுவிட்டீர்களா? பாதியைக் கிள்ளிப் போட மனம் வராது, ஆனால் இலை சமைக்கிற சர்க்கரை ஓரளவுதான், அதை நூறு காய் பங்கு போட்டால் எதுவும் இனிக்காது. இதெல்லாம் சரியாக இருந்தும் இனிக்கவில்லை என்றால் ரகமே அவ்வளவுதான்.

யாராவது தவிர்க்க வேண்டிய பழம் உண்டா?

உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. விருந்தாளிக்குத் தட்டில் வைக்கும் முன் கேட்டுவிடுங்கள். சீத்தா வகைகளின் விதையைக் கடிக்கவோ மிக்ஸியில் பழத்தோடு அரைக்கவோ கூடாது, அந்தத் தூள் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஆக்கி என்ற ஆப்பிரிக்கப் பழத்தை வளர்ப்பவர்கள் அது மரத்திலேயே தானாக வெடித்த பிறகுதான் சமைக்க வேண்டும், பழுக்காதது விஷம். சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அது பழத்தின் சாயம்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அவசியமா?

வீட்டுத் தோட்டத்தில் கட்டாயம். கை எட்டாத பழம் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும், வெட்ட வெட்டக் காய்க்கும். மாவை அறுவடை முடிந்த கையோடு வெட்டுங்கள், தள்ளிப் போட்டால் அடுத்த பூப்பு தவறிவிடும்.

ருசி பிடிக்காத மரத்தை வெட்டிவிடலாமா?

வேரோடு எடுக்க வேண்டாம், தலையை மட்டும் மாற்றலாம். மாவிலும் வெண்ணெய்ப்பழத்திலும் இது நன்றாக வரும். பெரிய கிளைகளை ஆளுயரத்தில் வெட்டி, ஒரு கிளையை மட்டும் வேருக்குச் சாப்பாடு போட விட்டுவையுங்கள். இலை நிழல் போன பட்டை வெயிலில் வெடிக்கும், சுண்ணாம்பு பூசிவிடுங்கள். வெட்டிய இடங்களில் துளிர்கள் கொத்தாகக் கிளம்பும், கிளைக்கு இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, அவை பென்சில் தடிமன் வந்ததும் பிடித்த ரகத்தின் குச்சியை ஒட்டுக் கட்டலாம். குச்சி எடுக்கப் போகிற கிளையில் வாரம் பத்து நாள் முன்பே இலைகளை, காம்பு மட்டும் நிற்கும்படி, கத்தரித்துவிட்டால் நுனி மொட்டு பருத்துத் தயாராக இருக்கும். ஆப்பு வடிவில் சீவி, பிளவில் செருகி, ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேரும்படி வைத்து இறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் உறை. ஏற்கெனவே வளர்ந்த வேர் இருப்பதால் இரண்டு மூன்று வருஷத்தில் புது ரகம் காய்த்துவிடும், விட்டுவைத்த பழைய கிளையை அதற்குள் வெட்டிவிடலாம். ஒரே மரத்தில் நாலு ரகம் ஏற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வேகமாக வளர்கிற ரகத்தை ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மற்றவற்றைவிடக் கூடுதலாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதன் நிழலில் மற்ற மூன்றும் சுருங்கிவிடும். எந்தக் கிளை எந்த ரகம் என்று தகட்டில் எழுதிக் கட்டும்போது கம்பியை இறுக்காமல் தளர்வாக விடுங்கள், கிளை பருக்கும்.